விடிய விடிய ஓடிய பாட்டு

நான் எழுந்துபோன நாற்காலியில் இப்போது உங்களில் யார் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் சரி, கூடிய சீக்கிரம் உங்களுக்கு ஒரு மெயில் வரும். 'உங்கள் பாடல் ஒன்றுக்கு இயற்கைக்கு மாறான கேட்புகள் பதிவாகியுள்ளன' என்று அது ஆரம்பிக்கும். அந்த மெயிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாட்டை எப்படி ஏற்றுவது, அட்டைப்படம் என்ன அளவில் இருக்க வேண்டும், எழுதியவர் பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நானே அதையெல்லாம் கடைசிவரை பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் செய்தேன். அவர்களும் தலையில் அடித்துக்கொண்டு செய்து கொடுத்தார்கள்.

பழனி அடிவாரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு கேசட் கடை இருந்தது. கடை வாசலில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், யார் காது கொடுக்கிறார்கள், யார் கடந்து போகிறார்கள், யார் போனவர் திரும்பி வந்து விலை கேட்கிறார்கள் என்று கண்ணாலேயே பார்க்கலாம். கல்யாணமாகி மலைக்கு வந்து, பெருமாள்மலையில் பஞ்சர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் நம் அலுவலகத்தில் சேர்ந்த பிறகுதான் முகம் தெரியாமல் பாட்டு விற்கும் தொழிலைப் பார்த்தேன். தாங்களே பாடிப் பதிவுசெய்கிற ஆட்களின் பாடல்களை வாங்கி, விநியோக நிறுவனம் வழியாக உலகத்தில் இருக்கிற எல்லா ஆப்களிலும் ஏற்றுகிறோம். கேட்கக் கேட்க வருகிற ராயல்டியில் நமக்கு ஒரு பங்கு, மிச்சம் பாடியவருக்கு. திரையில் கேட்புகளின் எண் ஏறும். ஆனால் யார் நின்று கேட்டார்கள் என்று தெரியாது. எனக்கு அது கடைசிவரை பழகவே இல்லை. எண் கொஞ்சம் ஏறினாலும் 'யாருப்பா அது?' என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். வம்புக்காரி என்று எனக்கு ஆபீசில் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

ரெஜினாவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கொடைக்கானலில் ஏரிக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷனில் இருந்தாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் குடியேறியவர்கள். சர்ச்சில் ஞாயிறு பூசையில் பாடுவாள். தானே எழுதி மெட்டுப் போட்ட நான்கு பாடல்களை, சீசன் இல்லாத மாதத்தில் லாட்ஜில் காலியாகக் கிடந்த ஓர் அறையில், ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டிப் பதிவுசெய்து கொண்டுவந்தாள். அதில் ஒன்று அவள் அம்மாவைப் பற்றியது. தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வாசலில் நின்றுகொண்டு, பனிக்குள் விளையாடப் போன பிள்ளைகளை அம்மா கூப்பிடுவாராம். ஒவ்வொரு சரணமும் முடிந்ததும் ரெஜினா பாட்டை நிறுத்திவிட்டு, மலைக்கு மலை கேட்கிற மாதிரி அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுப்பாள். "ஓ...ய்! வந்தாச்சாஆஆ?" பிறகு பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி கொஞ்சம் மௌனம். ஒவ்வொரு தடவையும் அந்த மௌனம் வேறு வேறு நீளம். எப்போது திரும்பப் பாடுவாள் என்று நமக்குத் தெரியாது.

வெளியிட்டோம். நான்கு பாடல்களும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. அவளும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஒரு மழைக்காலம் முடிந்து ஒரு நாள் கணக்குப் பக்கத்தைத் திறந்தால், அந்த 'வந்தாச்சா' பாட்டு மட்டும் ஏறியிருக்கிறது. மறுநாள் இன்னும் மேலே. அடுத்த வாரம் நம் அலுவலகத்தின் எல்லாப் பாட்டையும் தாண்டிவிட்டது. நானே அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். லாட்ஜில் எல்லோருக்கும் அவள் கேக் வாங்கிக் கொடுத்தாளாம். பூசை முடிந்ததும் சாமியார் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கோயில் முழுக்கக் கைதட்ட வைத்தாராம். அதுவரை அவள் ஊரில் சாவி எடுத்துக் கொடுக்கிற பெண். அதற்குப் பிறகு பாட்டுக்கார ரெஜினா.

அதற்கப்புறம்தான் அந்த மெயில் வந்தது. ஒரே பாட்டு, ஒரே வட்டாரம், விரல்விட்டு எண்ணக்கூடிய சில போன்கள், சாயங்காலம் ஆரம்பித்து விடிகிற வரை இடைவிடாமல் ஓட்டம். இது மனிதர் கேட்கிற முறை அல்ல. எனவே பாட்டு இன்றுமுதல் நிறுத்திவைக்கப்படுகிறது. செயற்கையாகக் கேட்புகளை ஏற்றியதை ஒப்புக்கொண்டால் அந்த ஒரு பாட்டை நீக்குவதோடு முடியும். மறுத்து, நிரூபிக்க முடியாமல் போனால், பாடகரின் பக்கமே மூடப்படும். அதாவது ரெஜினா என்ற பெயரில் அவள் இனி எங்கேயும் எதையும் வெளியிட முடியாது.

விநியோக நிறுவனத்தில் நமக்காக இருந்த அதிகாரி நல்ல மாதிரி. சின்ன வயசு, பொறுமையாகப் பேசுவார்.

"மேடம், ஒத்துக்கிட்டு ஒரு வரி அனுப்பிடுங்க. ஒரு பாட்டு போகும், அவ்வளவுதான். அவங்க பக்கம் தப்பிச்சிடும். இதுதான் சேஃப்."

"செய்யாததை எப்படிங்க ஒத்துக்கிறது?"

"செய்யலைன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

உங்களுக்கும் தெரியும், கேட்புகளை விற்கிற கடைகள் இருக்கின்றன. பணத்தைக் கட்டினால் எங்கோ ஒரு அறையில் வரிசையாக அடுக்கி வைத்த போன்களில் உங்கள் பாட்டு ஓடும். நம் பாடகர்களிலேயே ஓரிருவர் அதில் மாட்டியிருக்கிறார்கள். அதனால் ரெஜினாவை நேராகக் கூப்பிட்டுக் கேட்டேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

"பாரு, திட்ட மாட்டேன். யாருக்காவது காசு குடுத்து ஏத்தச் சொன்னியா?"

அவள் முகம் சுண்டிவிட்டது. "என்னக்கா கேக்குறீங்க? அது எப்படி ஏத்துறதுன்னுகூட எனக்குத் தெரியாதே. நீங்கதானே போன் பண்ணி ஹிட்டுன்னு சொன்னீங்க? நானா வந்து கேட்டேன்?"

"கோவிச்சுக்காத. கேக்கணும்ல."

"சர்ச்ல எல்லாரும் கைதட்டினாங்கக்கா. இப்ப அது ஃபிராடுன்னு எடுத்துட்டாங்கன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்ப் பாடுவேன்?"

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொன்னால், வருத்தத்தைவிட எனக்கு ஆவல்தான் பெரிதாக இருந்தது. ஏனென்றால் அந்தக் கணக்கு எனக்குத் தெரிந்த எந்த ஏமாற்றைப் போலவும் இல்லை. விலைக்கு வாங்குகிற கேட்பு கடல் கடந்த ஊர்களிலிருந்து வரும். இது ஏறக்குறைய எல்லாமே திண்டுக்கல் மாவட்டத்துக்குள்தான். ஏமாற்றுகிறவன் சந்தேகம் வராமல் இருக்க மற்ற மூன்று பாடல்களையும் கொஞ்சம் ஓட்டியிருப்பான். இங்கே அவை அப்படியே கிடக்கின்றன. பகலில் கேட்பு இல்லை என்றே சொல்லலாம். இவ்வளவு அசட்டையாக ஏமாற்றுகிறவனை நான் பார்த்ததில்லை. யாருப்பா அது என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பதில் அனுப்ப அவர்கள் கொடுத்த கெடு கரைந்துகொண்டிருந்தது. தினமும் ஒப்புதல் வரியைத் தட்டச்சு செய்வேன், அழிப்பேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இந்த இடத்தில்தான். பயத்தில் ஒப்புக்கொள்வது மிகவும் சுலபம். புத்திசாலித்தனம் மாதிரியும் தெரியும். என் விரல் அனுப்பும் பொத்தான்மேல் போய்ப் போய்த் திரும்பியது நியாய உணர்ச்சியால் மட்டும் அல்ல. ஒப்புக்கொண்டுவிட்டால் அது யார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாமல் போய்விடுமே என்ற அரிப்பும் சேர்ந்துதான் என்னைத் தடுத்தது. அந்த அரிப்பை விட்டுவிடாதீர்கள். நியாய உணர்ச்சி சோர்ந்துபோகிற நேரத்தில் அது கைகொடுக்கும்.

கெடு முடிய ஒரே ஒரு நாள் இருந்தபோது, காய்கறி லாரி ஒன்று பஞ்சர் கடை வாசலில் நின்றது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலிருந்து ஓர் ஆள் இறங்கி மாடி ஏறி வந்தார். காதுவரை மஃப்ளர், காலில் சேறு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வந்தவர் பையை என் மேசைமேல் கவிழ்த்தார். மிதித்துக் கூழாக்கிய கேரட்டும் தழையும் மண்ணுமாகக் கொட்டியது.

"பாட்டு போடுற ஆபீசு இதுதானங்க?"

"ஆமா. இது என்னங்க?"

"எங்க பாட்ட ஏங்க நிப்பாட்டுனீக? பாட்டு நின்ன மறுநாளே மாடு உள்ள வந்துருச்சு. ஒரு பாத்தி முச்சூடும் நாசம். பாட்டுக்குக் கீழ உங்க ஆபீசு பேரு போட்டிருந்துச்சு. அதான் லோடோட லோடா நானும் ஏறி வந்தேன்."

எனக்கு ஒரு நிமிஷம் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றேன். அவர் பெயர் செல்வம். மேல்மலையில் பூம்பாறைக்காரர், கேரட்டும் பீன்ஸும் போடுகிறவர். காட்டுமாடும் பன்றியும் இறங்கி வந்து வெள்ளாமையை மிதித்துவிடும் என்பதால் ராத்திரி காவல் இருக்க வேண்டும். முன்பு தகர டப்பாவைத் தட்டினார்கள். பிறகு ரேடியோ வைத்தார்கள். பிறகு பழைய போனில் பாட்டைப் போட்டு ஒரு ஸ்பீக்கரில் மாட்டி, குடிசைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

"சினிமாப் பாட்டு, சாமி பாட்டு எல்லாம் போட்டுப் பாத்தாச்சுங்க. ரெண்டு நாளு பயப்படும். மூணாம் நாளு பாட்டக் கேட்டுக்கிட்டே மேயும். பட்டிமன்றங்கூடப் போட்டுப் பாத்தோம், அதுக்கும் பழகிருச்சு. இந்தப் பொண்ணு பாட்டுக்கு மட்டும் பழகவே மாட்டேங்குது."

"ஏன்?"

"மத்ததெல்லாம் பாட்டுங்க. இதுல ஆளு இருக்கு. திடீர்னு ஒரு சத்தம் குடுக்குது, அப்பறம் சும்மா இருக்குது. மாட்டுக்கு அந்தச் சும்மா இருக்கிறதுதான் பயம். எங்கேயோ ஆளு நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு அந்தாக்குல காட்டுக்குள்ள போயிருது. நான் சொல்லி எங்கூட்டாளிக எல்லாம் போட்டுக்கிட்டாக."

நான் சிரித்தேன். அடக்க முடியாமல் சிரித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கேரட்டைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். உடனே ரெஜினாவுக்குப் போன் போட்டு லீவு சொல்லச் சொன்னேன். அதிகாரியிடம் இன்னும் இரண்டு நாள் கெடு கேட்டேன். ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். சாட்சி யார் என்று சொல்லவில்லை.

மறுநாள் பஸ்ஸில் ரெஜினாவும் நானும் பூம்பாறைக்குப் போனோம். போனில் பாதிதான் சொல்லியிருந்தேன். விவசாயிகள் கேட்கிறார்கள் என்றதும் அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மாட்டு விஷயத்தைப் பஸ்ஸில்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்கம்மாவுக்காக எழுதுன பாட்டுக்கா அது" என்று மட்டும் சொன்னாள். ஆபீசில் நான் அப்படிச் சிரித்திருக்க வேண்டாம் என்று பட்டது.

செல்வத்தின் தோட்டம் படிப்படியாக இறங்கிக் காட்டின் ஓரத்தில் முடிகிறது. சாயங்காலம் ஆனதும் பனி கீழேயிருந்து ஏறிவந்தது. கடைசிப் படிக்கு அந்தப் பக்கம், காட்டு விளிம்பில், கறுப்பாக ஏதோ அசைந்தது. நான் பாறை என்று நினைத்திருந்தேன். பாறை தலையைத் தூக்கியது.

"வெரசா போடுங்கம்மா" என்றார் செல்வம். "பாட்டுதான் போனுல நின்னுபோச்சே. உங்ககிட்ட இருக்குமுல்ல?"

ரெஜினா தன் போனில் இருந்த பாட்டை ஸ்பீக்கரோடு இணைத்தாள். அவள் குரல் கம்பத்தின் உச்சியிலிருந்து சரிவு முழுக்க இறங்கியது. மாடு அசையவில்லை. நின்று கேட்டது. முதல் சரணம் முடிந்தது.

"ஓ...ய்! வந்தாச்சாஆஆ?"

மாடு காதை விடைத்தது. மௌனம். இன்னும் மௌனம். நானே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது இரண்டு அடி பின்னால் வைத்து, உடம்பைத் திருப்பி, மரங்களுக்குள் போய்விட்டது. அதன் பின்னால் இன்னும் மூன்று நான்கு போன பிறகுதான் அத்தனை நின்றிருந்தன என்றே எனக்குத் தெரிந்தது. செல்வம் அவ்வளவையும் தன் போனில் படம் எடுத்திருந்தார். வேலையைச் சுத்தமாகச் செய்கிற ஆள்.

பாட்டு தொடர்ந்தது. இரண்டாவது முறை அந்தக் குரல் வந்தபோது, பனிக்குள் எங்கோ மேல்படியிலிருந்து ஒரு பெண்குரல் திரும்பக் கத்தியது. "வந்தாச்சு, வந்தாச்சு!" இன்னொரு பக்கமிருந்து யாரோ, "இன்னும் வரலத்தா, சோலி கெடக்கு!" என்றார்கள். சிரிப்புச் சத்தம். ரெஜினா என்னைப் பார்த்தாள்.

"அது சும்மா ஒரு பழக்கங்க" என்றார் செல்வம், கொஞ்சம் கூச்சத்தோடு. "வேல முடிஞ்சு ஏறுற பொம்பளைக பாட்டுக்குப் பதிலு சொல்லிக்கிட்டே போவாக. நாலஞ்சு நாளாப் பாட்டு இல்லாம அவுகளுக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

ரெஜினா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. மனிதர் கேட்கிறார்கள், பதிலும் சொல்கிறார்கள், இதைவிட என்ன நிரூபணம் வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் என் வாய் சும்மா இருக்காதே. கேட்டேன்.

"பொம்பளைங்க வீட்டுக்குப் போன பெறகு? குடிசைக்குள்ள நீங்க கேப்பீங்களா?"

செல்வம் மறைக்கத் தெரியாதவர். "நாங்க எதுக்குங்க கேக்குறோம்? நிம்மதியாத் தூங்கத்தான பாட்டப் போடுறோம். போட்டுட்டுக் கம்பளியப் போத்துனா வெள்ளனேதான் எந்திரிப்போம்."

ஆக, பொழுது சாய்கிற நேரம் போக, விடிய விடிய ஓடிய அவ்வளவும் மாட்டுக்குத்தான். இதில் என்ன சிக்கல் என்று அவரிடம் விளக்கினேன். ஆள் கேட்டால்தான் கணக்கு; இல்லாவிட்டால் பாடியவளை ஏமாற்றுக்காரி என்பார்கள். அவர் உடனே நிமிர்ந்துவிட்டார். "அம்புட்டுத்தான? நாங்க ராத்திரி முழுக்க முழிச்சிருந்து கேக்குறோம்னு ஊரோட எழுதித் தந்துட்டாப் போச்சு. யாரு வந்து பாக்கப் போறா?"

யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. அது எனக்கும் தெரியும். அந்தத் தாளை அனுப்பினால் பாட்டு திரும்ப வரும், ரெஜினா பெயர் நிற்கும், எண் அப்படியே இருக்கும், அதோடு வருகிற பணமும் இருக்கும். அதில் நம் ஆபீஸ் பங்கும் உண்டு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எழவில்லை என்றே எழுதுகிறேன், உங்களுக்கும் எழாது. ரெஜினா பக்கம் திரும்பினேன்.

"பேரு உன்னுது. நீ சொல்லு."

ஸ்பீக்கரில் அவளுடைய பாட்டே முடிந்து திரும்ப ஆரம்பித்தது.

"இப்ப நம்ம பொய்யா எழுதிக் குடுத்தா," என்றாள், "அப்பறம் யாராச்சும் ஃபிராடுன்னு சொன்னா என்னால கோவப்பட முடியாதுல்லக்கா."

அவ்வளவுதான். செல்வத்துக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. பிழைக்கத் தெரியாதவர்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே எங்களை பஸ் ஏற்றிவிட்டார். ரெஜினா கிளம்பும் முன் அந்தப் பாட்டை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தாள். எந்த ஆப் நின்றாலும் இனி அது ஓடும்.

திரும்பியதும் பதிலை எழுதினேன். ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன் என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. இரண்டையும் விட்டுவிட்டு, கீழே இருந்த காலி இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். இந்தக் கேட்புகளை யாரும் விலைக்கு வாங்கவில்லை. விவசாயிகள் காட்டுமாட்டை விரட்டப் பாட்டை ஓடவிட்டார்கள். அவர்கள் தூங்கிய பிறகு ஓடியதை மனிதர் கேட்டதாக நாங்கள் சொல்ல மாட்டோம். அதைக் கழித்துக்கொள்ளுங்கள், அதற்கு வந்த பணத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாடியவர் ஏமாற்றவில்லை, அவர் பக்கத்தை மூடாதீர்கள். செல்வம் எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

அதிகாரி போன் செய்தார். "மேடம், கட்டத்துல டிக் பண்ணாம அனுப்பியிருக்கீங்க. மறுப்புன்னு எடுத்துக்கிட்டா பக்கமே போயிடும். அதுவும் மாடுன்னெல்லாம் எழுதியிருக்கீங்க. மேல இருக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நானுந்தான் சிரிச்சேன். படத்தைப் பாத்துட்டுச் சிரிக்கச் சொல்லுங்க."

அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், நிஜமாவே மாடு நின்னு கேட்டுச்சா?" அந்தக் குரலைக் கேட்டதும் இவரும் என்னைப் போல 'யாருப்பா அது' ஜாதிதான் என்று எனக்குத் தைரியம் வந்தது. இவர் அந்தப் படத்தை நாலு பேருக்காவது காட்டாமல் இருக்கமாட்டார்.

முடிவு வரும்வரை ரெஜினா பூசையில் பாடவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டாளாம். தினமும் எனக்குப் போன் செய்து, "வந்துச்சாக்கா?" என்பாள். இன்னும் இல்லை என்பேன். நான் செய்தது சரிதானா என்று எனக்கே ஆட்டம் கண்டது. பெரிய நீதிமான் மாதிரி எழுதிவிட்டு, அந்தப் பெண்ணின் பெயரைத் தொலைத்துவிட்டோமோ என்று சாப்பாடு இறங்கவில்லை. இந்தத் தொழிலில் நாம் எடுக்கிற தீர்மானத்தின் அடி நம்மேல் விழுவதே இல்லை, பாடியவர்மேல்தான் விழும். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

முடிவு ஒரு மத்தியானம் வந்தது. ஏமாற்று எதுவும் இல்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். அவள் பக்கம் இருக்கும். பாட்டும் திரும்ப வரும். ஆனால் அந்த வட்டாரத்து இரவுக் கேட்புகள் முழுவதும் கழிக்கப்படும். கணக்குப் பக்கத்தைத் திறந்தேன். ஆயிரக்கணக்கில் நின்ற எண் போயிருந்தது. இத்தனை மாதத்தில், இத்தனை ஆப்களில், அந்தப் பாட்டைக் காசுக்கோ வேலிக்கோ இல்லாமல் கேட்பதற்காகவே போட்டுக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்பது மட்டும் மிச்சமாக நின்றது. நாற்பத்து மூன்று பேர்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேக் வாங்கிக் கொடுத்தவள், கோயிலில் கைதட்டு வாங்கியவள். கடைசியில் நல்லதை முதலில் சொன்னேன், பெயர் நின்றுவிட்டது என்று. அவள் "ஸ்தோத்திரம்" என்றாள். பிறகு, நான் பயந்ததையே கேட்டாள்.

"மாட்டக் கழிச்சா எத்தனை பேருக்கா?"

சொன்னேன். மறுமுனையில், ரிசப்ஷனில் யாரோ அறைச் சாவி கேட்பது காதில் விழுந்தது. அவள் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப வந்தாள்.

"நாப்பத்திமூணு பேரா? நெசமா மனுசங்களா?"

"மனுசங்கதான். ஒவ்வொருத்தரும் தேடி வந்து கேட்டவங்க."

"அதுல நம்ம சர்ச் ஆளுங்க?"

"கொஞ்சப் பேர் இருக்கலாம். ஆனா பாதிக்கு மேல வெளியூரு. ஒருத்தர் எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து அடிக்கடி கேக்குறாரு."

"அவுங்க யாருன்னு தெரியாதாக்கா?"

"தெரியாது ரெஜினா. இந்தத் தொழில்ல அது ஒண்ணுதான் தெரியாது."

அவள் மூச்சை இழுத்து விடுகிற சத்தம் கேட்டது. அழப்போகிறாள் என்று நினைத்து ஆறுதல் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"எங்க லாட்ஜ் டைனிங் ஹால் ஃபுல்லானாக்கூட அத்தனை பேரு வராதுக்கா" என்றாள். "அவ்வளவு பேரு காத்துக்கிட்டிருப்பாங்கல்ல? வர்ற மாசம் எங்க கார்னர் ரூம் காலியாத்தான் கெடக்கும். கம்பளி நான் கட்டிக்கிறேன். நீங்க மைக் எடுத்துட்டு வாங்க."